அலிபிரி சாலையில் சிவசங்கரி நடத்திய ஜிம்

திருப்பதியில் அலிபிரி போகும் சாலையில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சிவசங்கரி அக்கா 2017-ல் கிக்பாக்ஸிங் ஜிம் திறந்தார். நகரி ஊர்க்காரர், விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். மாநிலப் போட்டியில் இரண்டு முறை வெண்கலம் வாங்கியவர்.

முதல் நாள் வந்தது நானும் ஜமீலாவும்தான். நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் போன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எதற்கு வந்தாய் என்று அக்கா கேட்டார். கம்பெனி பஸ்ஸில் ஒருத்தன் இடிக்கிறான் என்றேன். அன்றைக்கு முழுக்க எப்படிக் கால் ஊன்றி நிற்பது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது வாரம், பஸ்ஸில் எழுந்து அவன் பக்கம் திரும்பி அப்படியே கால் ஊன்றி நின்றேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

கொரோனாவில் எட்டு மாதம் மூடிக்கிடந்தும் ஜிம் பிழைத்தது. 2022-ல் தொண்ணூறு பேர். சூளூர்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்து கூண்டுக்குள் போடும் மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸும் சேர்ந்தது. சித்தூர் ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் அதற்கான கம்பிக்கூண்டு வாங்கிப் போட்டார். விஜயவாடாவில் ஒரே நாளில் பதினோரு மெடல் வாங்கினோம். திரும்பும்போது வேன் டிரைவர் கழுத்திலும் ஒன்றை மாட்டிவிட்டோம்.

எங்களில் பெரிய ஆள் குடிபாலா ஊர்க்காரன் குணா. அந்த ரியல் எஸ்டேட்காரர் சித்தூரில் நடத்திய போட்டியில் அவன் சண்டைதான் கடைசி, முக்கியமானது. அதற்கு ஒன்பது நாள் முன்னால் பயிற்சியில் தலையில் உதை வாங்கினான். ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டான். ஆனால் இன்றைக்கு என்ன கிழமை என்று மூன்று தடவை கேட்டான். அக்கா உடனே டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒரு மாதம் தலையில் அடி படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்.

ரியல் எஸ்டேட்காரர் நேரில் வந்தார். "பையன் நல்லாத்தானே நடந்துகினு இருக்கான்? ஊர் பூரா அவன் போஸ்டர்தான்."

"நடக்குறான் சார். இன்னொரு அடி வாங்கினா நடப்பானான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நான் அனுப்பமாட்டேன்."

குணா அழுதான். பிறகு வேறொரு ஜிம் பெயரில் அதே போட்டிக்குப் போய்ச் சண்டை போட்டான். ஜெயித்தான். அந்த வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. அடுத்த வாரம் ரியல் எஸ்டேட்காரரின் லாரி வந்து கூண்டைக் கழற்றி ஏற்றிப் போனது. அக்காவுக்குப் பயம், அங்கே இருந்தால் முன்னுக்கு வரமுடியாது என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். 2024 மார்ச்சில் ஏழு பேர்தான் மிச்சம். தரையில் விரித்திருந்த மேட்டுகளைக் கழுவி, காயவைத்து, ஒரு அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டினோம்.

குணா ஜெயித்தது வருத்தமாக இருந்ததா என்று அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன்.

"எழுந்து நடந்து போனானான்னுதான் முதல்ல கேட்டேன். நடந்தான்னாங்க. எனக்கு சந்தோஷம்தான் மோகனா. நாளைக்கு இன்னொருத்தன் அப்படி நின்னாலும் அனுப்பமாட்டேன்."

குணா இப்போதும் சண்டை போடுகிறான், நன்றாகவே இருக்கிறான். அக்கா பரீட்சை எழுதி நடுவர் ஆகிவிட்டார். போன மாதம் திருப்பதியில் நடந்த போட்டியில், கண் சொருகிய ஒரு பெண்ணைப் பார்த்ததும் இரண்டாவது ரவுண்டிலேயே சண்டையை நிறுத்தினார். அவள் பக்கத்து ஆட்கள் கத்தினார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்டு அந்தப் பெண்ணின் பல்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். யார் இந்த அம்மா என்று, பார்க்கப் போயிருந்த எங்களுக்குப் பின்சீட்டில் ஒருவர் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஜமீலா சொல்லிவிட்டாள். "எங்க மாஸ்டர்."