கடைக்குப் பத்தொன்பது நிமிடம்

மசாக்கா ஊரில் எங்கள் பேக்கரி வண்டியை ஓட்டுபவர் முவங்கா. இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பா ஆனதிலிருந்து ஊரே அவரைச் சலோங்கோ என்று பட்டம் சொல்லித்தான் கூப்பிடும். நான் அதே வண்டியில் ரொட்டித் தட்டு இறக்குகிறவன்.

சலோங்கோவுக்கு ஒரு வியாதி உண்டு. நலம் விசாரிப்பது. அவர் ஆரம்பித்தால், கடை வாசலில் தொங்கும் பச்சை வாழைத்தார் பழுத்து உதிர்ந்து, தோட்டத்தில் அடுத்த கன்று குலை தள்ளிவிடும்.

"ராத்திரி நல்லாத் தூங்குனியாம்மா?"

"தூங்குனோம் ஐயா. நீங்க?"

"தூங்குனோம். வேலை பாத்ததுக்கு நன்றிம்மா."

"ம்ம். வண்டி ஓட்டுனதுக்கு நன்றி ஐயா."

"ம்ம்."

"ம்ம்."

இந்த 'ம்ம்' மட்டும் ஏழெட்டு வரும். அப்புறம் பிள்ளைகள், மாமியார், ஆடு, காபிச் செடி.

பிப்ரவரியில் மேனேஜர் செருன்கூமா, வண்டிகள் நிற்கும் முற்றத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவியை மாட்டினார். அதற்கு டேஷ்போர்டு என்று பெயர். தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்த நபுகீரா என்ற பெண் செய்து கொடுத்தது. எட்டு வண்டிக்கும் எட்டு வரிசை. எத்தனை ரொட்டி இறக்கினோம், எவ்வளவு டீசல் குடித்தோம், ஒரு கடையில் எத்தனை நிமிடம் நின்றோம், எல்லாம் தெரியும். நல்லது பச்சை, கெட்டது சிவப்பு. கடைக்கு ஆறு நிமிடம்தான் கணக்கு. எங்களுக்குப் பத்தொன்பது. அந்தச் சிவப்பில் குளிர் காயலாம்.

"மூணு வாரம் சிவப்புன்னா வண்டி கெடையாது, சலோங்கோ. அடுப்படிக்குப் போயிரணும்" என்றார் மேனேஜர்.

இரண்டு வாரம் போய்விட்டது. சலோங்கோவுக்குச் சூடு பயமில்லை. "அடுப்புகிட்ட நலம் கேட்டா அது திருப்பிக் கேக்குமாடா?" என்று என்னிடம் புலம்பினார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். முதல் கடை நம்வாஞ்சேயுடையது. அவள் வழக்கம்போல வணங்க முட்டி போட்டாள்.

"ரொட்டி முப்பது. கையெழுத்துப் போடு" என்றார் இவர்.

பாதி முட்டியில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயா... வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்ல. கையெழுத்து!"

இரண்டே நிமிடம்! ஆனால் போன் எங்கள் வண்டியைவிட வேகம். ஏழாவது கடையில் துக்கம் கேட்க ஆறு பேர் காத்திருந்தார்கள். ஒரு கிழவர் கோட்டே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். யாரும் சாகவில்லை என்று நம்பவைக்க ஐம்பது நிமிடம் ஆனது. செவ்வாய்க்கிழமையும் வெறும் கையெழுத்துதான்; அது இன்னும் மோசம். விற்காத ரொட்டி நூற்றுப்பன்னிரண்டு திரும்பி வந்தது.

நபுகீரா கணினியில் பழைய கணக்கைப் புரட்டி முறைத்தாள். "ஐயா, உங்க வண்டியில ஒரு வருஷமா ஒண்ணுகூடத் திரும்பலையே? நாளைக்கு நானும் வர்றேன். எப்பவும்போல இருங்க."

புதன்கிழமை சலோங்கோ இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து நலம் விசாரித்தார். நம்வாஞ்சேயின் மாமியார் வரை வந்தபோது அவள் சொன்னாள்: "அத்தை கல்யாண வீட்ல இருக்காங்க ஐயா. நாளைக்கு இந்தத் தெருவே அங்கதான்."

சலோங்கோ என் பக்கம் திரும்பினார். "இங்க பத்து போதும்டா. கல்யாண வீட்டுப் பக்கத்துக் கடைக்கு அறுபது."

நபுகீரா பேனாவை எடுத்தாள். "இதெல்லாம் எங்க ஐயா எழுதி வப்பீங்க?"

"எழுதறதா? அதான் அவளே சொல்றாளே!"

வெள்ளிக்கிழமை டிவியில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: திரும்பி வந்த ரொட்டி, வருஷம் முழுக்க. எங்கள் வரிசையில் அந்த இரண்டு நாள் கூத்து மட்டும்தான், நல்ல பச்சை. மற்ற ஏழு வண்டியும் மிளகாய்ப்பழம். மேனேஜர் சிவப்பு வரிசைகளை விரல்விட்டு எண்ணினார்.

"பூசணம் பிடிச்ச ரொட்டிக்குப் பத்தொம்பது நிமிஷம் தேவலை. வண்டி உனக்குத்தான்யா."

விஷயம் தெரிந்ததும் அடுத்த வாரம் மற்ற ஏழு பேரும் கடை கடையாக ஆடு மாடு வரை நலம் விசாரித்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் வந்தார்கள். மேனேஜர் வாசலிலேயே கத்த வாயைத் திறந்தார்.

"பகல் எப்படிப் போச்சு ஐயா?" என்றான் முதல் ஓட்டுநர்.

கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "நல்லாப் போச்சு. உனக்கு?"

ஏழு பேர், ஆளுக்கு ஏழு 'ம்ம்'. முடிவதற்குள் அவருக்குக் கோபமே மறந்துவிட்டது.