நசுங்காத எலுமிச்சம்பழம்

எண்ணெய்க் கிணற்றுக் குழாயில் 'பெண்டு' என்கிற வளைவுத் துண்டு பாவப்பட்ட ஜென்மம். எண்ணெயோடு மணலும் ஹை பிரஷரில் வந்து, திரும்பும் இடத்தில் அதன் முதுகிலேயே மோதும். அரித்து அரித்து ஒருநாள் ஓட்டை விழும். அதற்கு மருந்து 'பிளைண்ட் டீ'. பெண்டுக்குப் பதில் 'T' எழுத்து மாதிரி மூன்று வாய் உள்ள துண்டு. நேர் வாயை அடைத்து, பக்க வாயில் பாய்ச்சலைத் திருப்பிவிட வேண்டும். அடைத்த பொந்தில் மணல் தங்கிவிடும். பின்னால் வருகிற மணல் அந்த மணலில்தான் மோதும், இரும்பில் மோதாது.

குவைத்தில் கற்ற இந்த வித்தையை, திருவரங்குளம் பக்கம் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்ததும் முதலாளிக்கு விளக்கினேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"அடைச்ச குழாய்ல என்னண்ணே போவும்?" என்றார்.

வாங்க வந்த கம்பெனியின் இன்ஸ்பெக்டர் மேடம் முன்னால் டெஸ்ட். தேறினால் ஆர்டர். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

சாதா பெண்டையும் பிளைண்ட் டீயையும் ஒரே லைனில் மாட்டினோம். பொந்தை மூடப்போகும் நேரத்தில் முதலாளி உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"என்ன முதலாளி இது?"

"புது லாரி டயருக்கு வைக்கிறோம்ல? அதே கணக்குத்தான். தண்ணி அடிக்கிற அடியில நசுங்கிரும், திருஷ்டி கழிஞ்சிரும்."

தலையில் அடித்துக்கொண்டேன். முதலாளியாச்சே, என்ன சொல்ல?

மணல் தண்ணீரை விடாமல் அடித்தோம். சாயங்காலம் பெண்டு முதுகில் ஓட்டை விழுந்து பீய்ச்சியது. நிறுத்திவிட்டு டீயைத் திறந்தோம். இரும்பில் ஒரு கீறல் இல்லை. பொந்து நிறைய மணல். மணலுக்குள் எலுமிச்சம்பழம், கொஞ்சம் சூம்பியிருந்ததே தவிர முழுசாக இருந்தது.

மேடம் கைதட்டிவிட்டார். "இதுக்கு மேல என்னங்க புரூஃப் வேணும்? கையெழுத்துப் போடுங்க, ஆர்டர் உங்களுக்குத்தான்."

முதலாளி முகம் செத்துப்போனது. "பழம் நசுங்கலையே மேடம்! இதுல கையெழுத்துப் போட்டா குடும்பம் வெளங்காது. ஆர்டரே வேணாம்."

"ஏங்க, நசுங்காததாலதானே பாஸு!"

"அது ஒங்க கணக்குங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பழத்தை நானே மிதித்திருப்பேன். குவைத் வெயிலில்கூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. ஓட்டைப் பெண்டைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"நல்லாப் பாருங்க முதலாளி. திருஷ்டி பூராவையும் இது வாங்கிக்கிருச்சு. அப்புறம் பழம் எப்படி நசுங்கும்?"

ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஆத்தாடி! எம்புட்டுப் பெரிய கண்ணு பட்டிருக்கு!"

கையெழுத்து விழுந்தது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளே, டிராயிங் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் இல்லை, அந்த ஓட்டைப் பெண்டுதான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் முதலாளி அதற்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டுகிறார். பட்டறைக்குச் சோறு போடுகிற டீ, பாவம், மூலையில் கிடக்கிறது.