பத்துக் கிலோப் படிக்கல்லும் சீனத்து மூச்சும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால் அம்மாவும் அப்பாவும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் பாடசாலை நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்பாதியில் ரஷ்யர்கள் கைபிடி வைத்த இரும்புக் குண்டை இரண்டு கையாலும் பிடித்துக் கால்களுக்கிடையால் வீசினார்கள். பின்பாதியில் சீனக் கிழவர்கள் முழங்காலை மடித்து, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, தண்ணீருக்குள் நடப்பதுபோல அசைந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பழகினால் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் குண்டு போடுதலில் முதலாவதாக வந்து, அடுத்த படியான கோட்டமட்டப் போட்டிக்குப் போகலாம் என்று முடிவுகட்டினேன். சேர்க்கச் சொல்லிப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

முல்லைத்தீவில் அப்படியொரு குண்டுக்கு எங்கே போவது? அப்பாவின் மீன் தராசுக்கு வளையம் வைத்த பத்துக் கிலோப் படிக்கல் ஒன்று இருந்தது. பின்னேரங்களில் அதை வீட்டு வளவுக்குள் நின்று சீனர்களின் வேகத்தில் வீசினேன். பாதிவழியில் கல் நின்றுவிடும். நானும் அதோடு நிற்பேன்.

"என்ன பிள்ளை, கை விளங்கேல்லையோ?" என்று கேட்டார் அம்மா.

"மூச்சை அடிவயித்துக்கு இறக்கிறன்."

"அப்ப சோத்தை எங்க இறக்கப்போறாய்?"

அப்பா கல்லில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினார். "உந்த வேகத்தில நிறுத்தா மீன் நாறிப்போகும்."

இரண்டு மாதத்தில் ஒரு வழி பிடிபட்டது: மூச்சு சீனம், வீச்சு ரஷ்யா.

போட்டியன்று மூன்று வாய்ப்புகள். முதலாவதில் முழங்காலை மடித்து மூச்சை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"இப்ப போடுவியோ, சாப்பாட்டுக்குப் பிறகோ?" என்றார் விளையாட்டு ரீச்சர்.

குண்டு என் காலடியில் விழுந்தது. இரண்டாவதில் அவசரப்பட்டு வட்டத்துக்கு வெளியே மிதித்தேன். மூன்றாவதில் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கிடையால் எடுத்து, வீசினேன். குண்டு எல்லாருடைய அடையாளங்களையும் தாண்டி, விருந்தினரின் கதிரைகளுக்குச் சற்று முன்னால் விழுந்தது. அவர்கள் அதற்குள் எழும்பிவிட்டிருந்தார்கள்.

"ஒரு கையால, தோளில வச்சுத் தள்ளவேணும் பிள்ளை. இதை எழுதேலாது. நீ கோட்டமட்டத்துக்கு இல்லை" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர். எழுதவேண்டாம். அளந்து மட்டும் பாருங்கோ."

"என்னத்துக்கு?"

"நான் அறியவேணும்."

நான் வட்டத்தைவிட்டு அசையவில்லை. ரீச்சர் நாடாவைப் பிடித்தார். முதலாவதாக வந்தவளைவிட இரண்டு மீற்றர் கூட.

"இப்ப போதுமோ?"

"காணும்" என்று சொல்லி, வட்டத்தின் பின்பக்கத்தால், விதிப்படி, வெளியே வந்தேன்.