மீனுக்குப் போட்ட சங்கிலி

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றை ஒட்டி, இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. திண்டுக்கல்லில் கோடை வந்துவிட்டால் கிணறு அடியைக் காட்டிவிடும். அதனால் ஊறுகிறபோதே இறைத்துத் தொட்டியை நிரப்பி வைத்துவிடுவோம். நிறைந்து நிற்கிற தண்ணீரில் கொசுப்புழு நெளியும். அதற்காகத்தான் என் கணவர் ஒருநாள் அலுவலகத்திலிருந்து வரும்போது தூக்குவாளியில் ஐந்து மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்.

"இது நம்ம பக்கத்து மீன் இல்லம்மா. ஆப்பிரிக்காவுல இருந்து வந்த சாதி. கண்மாயில எல்லாம் சர்க்கார்ல விட்டுருக்காக. ஜிலேபிக் கெண்டைன்னு பேரு."

"ஜிலேபின்னா இனிக்குமாடா?" என்றார் என் மாமியார். "வளரட்டும். குழம்பு வச்சுப் பாத்துருவோம்."

அவை வளர்ந்தன. குழம்புப் பேச்சும் வாரத்துக்கு ஒருமுறை வளர்ந்தது. அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் ஆயிற்று. ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். நான் பள்ளியிறுதி வரை படித்தவள். உடல்நலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். சோற்றைக் குழைத்தேன், குழைத்தது தப்போ என்று மறுநாள் உதிரியாக வடித்தேன். நெய் விட்டேன்; நெய் திகட்டுமோ என்று நிறுத்தினேன். தோள்பட்டை எலும்பு என் கையில் தட்டுப்படும்போதெல்லாம், நான்தான் எதையோ சரியாகச் செய்யவில்லை என்று தோன்றும்.

ஒரு காலையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டியோரம் நின்று ஊட்டப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பருப்புச்சோற்று உருண்டை தொட்டிக்குள் விழுந்தது. ஐந்து மீனும் பாய்ந்து வந்தன. அவற்றில் வாலில் சிறு வெட்டு விழுந்த ஒன்று முந்திக்கொண்டு உருண்டையைக் கவ்விப் போயிற்று. பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள். அம்மைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். சிரித்த வாயை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அதுதான் ஒப்பந்தம். வெட்டுவாலுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். மற்ற நான்கு மீன்கள் தின்பது கணக்கில் சேராது. வெட்டுவால் விழுங்கினால்தான் இவளும் விழுங்குவாள்.

பருப்புச்சோறு விழுந்து விழுந்து தண்ணீர் புளித்த வாடை அடித்ததால், மீனுக்குத் தனியாகத் தீனி தயாரித்தேன். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொட்டாங்கச்சியில் வைத்துக்கொள்வேன். கழுவிய கீரைத்தண்டின் இலைகளையும் கிள்ளிப் போடுவேன். அவை போட்டதெல்லாம் தின்னும். இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றும், போட்டால் மிச்சம் அடியில் தங்கி நாறும். அளவு பிடிபடவே நாளாயிற்று. என் மகளுக்கோ வேறு சந்தேகம். ருசியானதை மீனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் சோற்றைத் தனக்குத் தருகிறேன் என்று நினைத்து, தவிட்டு உருண்டையை ஒருநாள் வாயில் போட்டுப் பார்த்து, துப்பிவிட்டுச் சமாதானமானாள். அவள் கன்னம் மெல்ல உப்பத் தொடங்கியது.

அப்படி இருக்கும்போது வெட்டுவால் தின்பதை நிறுத்திவிட்டது.

உருண்டை மூக்கருகே விழும். அது பார்க்கும். பின்வாங்கி மூலைக்குப் போய் நிற்கும். "தின்னுருச்சு பாரு!" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"இல்ல. வாய மூடிக்கிச்சு" என்றாள் மகள். தானும் இரண்டு கன்னங்களையும் உப்பிக்கொண்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். இதற்கு மேல் அசையமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

தொட்டியில் ஒரு மீன் மட்டும் அப்போது கன்னங்கறேலென்று ஆகியிருந்தது. தொண்டை வெள்ளை, செதில் ஓரமெல்லாம் சிவப்பு. அடியில் கிடந்த மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி பறித்து, அந்தப் பக்கம் வருகிறவற்றையெல்லாம் துரத்தும். அந்தக் கறுப்பனுக்குப் பயந்துதான் வெட்டுவால் தின்னவில்லை என்று முடிவு செய்தேன். வேறு மீன்களும் கூட இருந்தால் கறுப்பனின் கவனம் சிதறும், வெட்டுவாலுக்கும் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

முதலில் கண்மாய் மீன் விற்கிறவரிடம் சொல்லிவைத்து, உயிரோடு இரண்டு சேல்கெண்டைக் குஞ்சுகள் வாங்கி விட்டேன். கறுப்பன் துரத்திய துரத்தலில் ஒன்று தொட்டியைத் தாண்டித் துவைகல்லில் விழுந்தது. இரண்டையும் எடுத்து அண்டாவில் விட்டேன். அடுத்து விரால் விடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

"விடு. அப்புறம் விரால் மட்டும்தான் இருக்கும்" என்றார்.

கெளுத்தியை நானே வேண்டாமென்று தள்ளினேன். முள் குத்திவிட்டால் என்ன செய்வது? என் மகள் தொட்டிக்குள் கை விடுகிறவள்.

என் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குற கணக்கால்ல பாக்குற. குணம் பாத்தாச்சு, குலம் பாத்தாச்சு. சாதகம் வேணும்னா சொல்லு, சோசியருகிட்டப் போயிட்டு வாரேன்."

சொல்லிவிட்டு, குழம்புக்கு வாங்கிவந்த அயிரையில் ஒரு கைப்பிடியை அவரே தொட்டியில் விட்டார். விரல் நீளம்கூட இல்லாத அவை நேரே அடிக்குப் போய்க் கல்லுக்கடியில் பதுங்கின. யாரோடும் வம்பு இல்லை. மேலிருந்து விழுகிற மிச்சத்தைத் தின்றுகொண்டு கிடந்தன. கறுப்பனும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. பொருத்தம் பார்த்ததில் தேறியது அயிரை ஒன்றுதான். ஆனால் வெட்டுவால் வாயைத் திறக்கவில்லை. என் மகளும் பாலும் இரண்டு வாய் கஞ்சியுமாகத்தான் நாளை ஓட்டினாள். உப்பிய கன்னம் மறுபடி வாடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். அவர் கணவர் தோல் மண்டி வைத்து வியாபாரம் செய்கிறவர். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அந்த அக்கா கருத்துச் சொல்லாமல் முடியாது.

"என்னம்மா, உங்க ஆப்பிரிக்காக்காரி இன்னும் சாப்புடலையா?"

"இல்லக்கா. தொண்டை வேற வீங்கின மாதிரி இருக்கு, பாருங்க."

அவர் மதிலில் கையை ஊன்றி நன்றாகக் குனிந்து பார்த்தார். "அட ஆமா! தாடை ரெண்டும் பொம்முன்னு இருக்கே. பொன்னுக்கு வீங்கிதான். ஒரு தங்கச் சங்கிலியப் போட்டு விடும்மா, வீக்கம் வத்திப் போயிரும். என் மகனுக்குப் போன மாசம் அப்படித்தான் போட்டேன்."

"மீனுக்குக் கழுத்து எங்க இருக்கு?" என்றார் மாமியார். மூவரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே சோற்றுக்கிண்ணம் எடுக்க அடுக்களைக்குள் போனேன். செத்த நேரம்தான்.

திரும்பி வந்தால், பிள்ளை துவைகல்லில் ஏறித் தொட்டி விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து நிற்கிறாள். ஓடிப்போய் அள்ளி எடுத்தேன். அவள் கழுத்து வெறுமையாக இருப்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன். தன் வளையலை அழித்து மாமியார் பேத்திக்குச் செய்து போட்ட சங்கிலி!

"சங்கிலி எங்கடீ?"

"மீனுக்குப் போட்டேன்" என்றாள். "வீங்கி இருக்குல்ல?"

மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். மதில்மேல் இருந்த முகம் சட்டென்று மறைந்தது. அடுத்த நிமிடம் அந்த அக்கா இரண்டு குடங்களோடு எங்கள் கொல்லைவாசல் வழியாக வந்து நின்றார். "என் வாயாலதான வந்துச்சு. நானும் இறைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கணவரும் வீட்டில் இருந்தார். தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அண்டா, குடம், குளிக்கிற வாளி, இட்லிக் கொப்பரை என்று எல்லாவற்றிலும் நிரப்பினோம். தண்ணீர் முழங்காலளவு இறங்கியதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்.

"கறுப்பன் முழுங்கியிருப்பானோ?" என்றார் என் மாமியார். "அறுத்துப் பாத்துரலாம்டா. புளி கூட ஊறப் போட்டுத்தான் இருக்கு."

"அம்மா, முதல்ல தேட விடுங்க."

மீன்களைத் துண்டால் ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். வெட்டுவாலை மட்டும் தனியாகப் பெரிய உருளியில் விட்டேன். நோயாளி அல்லவா? மற்றவற்றோடு விட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற யோசனைதான். என் மகள் உருளியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அம்மா, மீனு வாய தொறக்குது."

குனிந்தேன். வெட்டுவால் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகைத் தூவியதுபோல் ஏதோ புகையாய் வெளியே வந்தது. கடுகுக்கெல்லாம் கண் இருந்தது. வால் இருந்தது. அத்தனையும் குஞ்சுகள்!

"யா அல்லா!" என்று அந்த அக்கா குடத்தைக் கீழே வைத்தார். அந்தச் சத்தத்துக்குக் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திரும்பித் தாயின் வாய்க்குள் ஓடின. வாய் மூடிக்கொண்டது.

"பெத்ததையே முழுங்கிருச்சே பாவி!" மாமியார் கையைத் தண்ணீருக்குள் விடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்தியது அன்று ஒருநாள்தான். விழுங்கவில்லை என்று அந்த நேரம் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. எல்லோரும் அசையாமல் நின்றோம். சிறிது நேரத்தில் வாய் திறந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு அத்தனையும் வெளியே வந்தன.

"கெடச்சிருச்சு!" என்று கணவர் தொட்டிக்குள்ளிருந்து கத்தினார். அயிரை பதுங்கியிருந்த கல்லுக்கடியில் சங்கிலி கிடந்ததாம். யாரும் திரும்பவில்லை.

"இம்புட்டுப் பிள்ளைகளையும் வாயில வச்சுக்கிட்டு எப்படித் திங்கும்?" என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியதுபோல் எனக்குப் பட்டது. அன்றோடு குழம்புப் பேச்சும் நின்றது.

என் மகள் வெகு நேரம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வாயில பாப்பா. அதான் சாப்புடல" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "உன் வாயில பாப்பா இருக்கா?"

அவள் சந்தேகத்தோடு நாக்கால் உள்ளே துழாவிப் பார்த்தாள். "இல்ல."

"எங்க, காட்டு."

"ஆ" என்று காட்டினாள். ஒரு வாய்ச் சோற்றை வைத்தேன். மென்று விழுங்கிவிட்டு, மறுபடியும் தானாகவே வாயைத் திறந்தாள். "இப்பப் பாரு. இல்லைல்ல?"

இல்லை என்று சொல்லி அடுத்த வாயை வைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பரிசோதனை நடந்தது. பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் எனக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. பிள்ளையை ஏமாற்றி ஊட்டுகிறேனோ? நாளைக்கு அவளாகவே, வாயில் பாப்பா இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? மாமியாரிடமே கேட்டேன்.

அவர் சங்கிலியை முந்தானையில் துடைத்துப் பேத்தியின் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "அத நாளைக்குப் பாப்போம். இப்ப ஊட்டுத்தா, வாயத் தொறந்துக்கிட்டு இருக்குல்ல" என்றார்.