செல்வசிங் பேச்சிலர் ஆன கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் செல்வசிங். அதைச் சொல்ல அவருக்கு என்ன வெட்கம்? பெரிய படிப்புப் படித்தவனெல்லாம் ஆபீசில் ஏ.சி. நின்றுபோனால் காலரைத் தளர்த்திக்கொண்டு இவருக்குத்தான் போன் போடுகிறான். குளச்சலிலிருந்து வெறுங்கையோடு வந்து, ஷார்ஜா ரோலாவில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்ட மனுஷன். அவர் கை பட்டும் எழுந்திருக்காத கம்ப்ரஸர் அந்த ஊரில் கிடையாது.

சர்ச்சில் யாரைப் பார்த்தாலும், "எம் பிளாட்டுக்கு வாரும்வே, ரெண்டு பெட்ரூம்" என்பார். பிள்ளைகள் அங்கே வளர்ந்துதான் கனடாவுக்குப் போனார்கள். மனைவி சுகிர்தராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். கடையை விட மனமில்லாமல் செல்வசிங் மட்டும் நின்றுகொண்டார்.

வீட்டு வாடகைக் காண்ட்ராக்ட் முடிகிற சமயம். புதுப்பிக்கலாம் என்று செக் புத்தகத்தோடு பில்டிங் ஆபீசுக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருப்பவன் லிஜோ, மார்த்தாண்டத்துக்காரன்.

"அங்கிள், காண்ட்ராக்ட் ஆன்ட்டி பேர்ல இருக்கு. ஆன்ட்டிக்கு இப்ப விசா இல்ல. நீட்ட முடியாது."

"அப்ப எம் பேர்ல எழுதுலே."

"அதுவும் முடியாது. இது ஃபேமிலி பில்டிங். நீங்க இப்ப பேச்சிலர்."

பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்வசிங்குக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"பேச்சிலரா? பேரப்பிள்ள எடுத்தவனப் பாத்தா பேச்சிலர்ன்னு சொல்லுகே? உனக்க அப்பன் வயசுலே எனக்கு!"

"நானா சொல்லுகேன்? பில்டிங் ஓனர் அர்பாப் போட்ட சட்டம். பொண்டாட்டி கூட இல்லன்னா பேச்சிலர்தான். ஆன்ட்டிய உங்க விசால கூட்டிட்டு வாங்க, எழுதித் தாறேன். இல்லன்னா சாவியக் குடுங்க."

கீழே இறங்கினால் வாட்ச்மேன் கௌஸ் முகம்மது, ராமநாதபுரத்துக்காரர், நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார். சங்கதி அதற்குள் படியிறங்கி அவரிடம் வந்துவிட்டிருந்தது.

"அண்ணே, பிளாட்டு உங்க பேர்லன்னுல்ல நெனச்சிருந்தேன்! சோனாப்பூர் லேபர் கேம்ப்ல ஒரு கட்டில் வாடகைக்குப் பாக்கவா?"

"உம்ம சோலியப் பாரும்வே!"

வீடு அவள் பேரில் இருந்ததற்குக் காரணம் உண்டு. எடுத்தபோது செல்வசிங் கம்பெனி கேம்ப்பில் கிடந்த ஹெல்பர். சுகிர்தராணியின் ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துத்தான் வீடு கொடுத்தார்கள். பிறகு சொந்தக் கடை வந்ததும், "பேர மாத்திக்கிடுங்க" என்று அவளே எத்தனையோ தடவை சொன்னாள். மாற்றப் போனால் இத்தனை நாளும் பெண்டாட்டி பேரில் இருந்தது வரிசையில் நிற்கிறவனுக்கெல்லாம் தெரிந்துபோகுமே! வருஷா வருஷம் உள்ளே போய் அவள் கையெழுத்துப் போட, இவர் வெளியே நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போன் போட்டார்.

"விசாவுக்குப் பேப்பர் கொடுக்கப் போறேன். பெட்டியக் கெட்டு."

"என்னத்துக்கு?"

"வீடு போகுது. நீ வந்து நின்னாத்தான் நான் ஃபேமிலியாம்!"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"நைட் டூட்டி பாத்துட்டு வந்து கண்ணசந்திருப்பேன். நாலு ஆளக் கூட்டிட்டு வந்து, 'எம் பிளாட்டு, எம் பிளாட்டு'ன்னு சுத்திக் காட்டுவிய. எழும்பி டீ போட்டுத் தந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'இது இவ எடுத்த வீடு'ன்னு வாயத் தொறந்தியளா?"

"அது இப்ப எதுக்கு?"

"இப்பதான் கேக்க முடியும். எனக்கும் அந்த வீடு வேணும், வாறேன். ஆனா திரும்பவும் எம் பேர்லதான் எழுதணும். அத நீங்களே நாலு பேர் கேக்கச் சொல்லணும். முடியாதுன்னா அங்கயே கெடங்க."

போனைச் சோபாவில் எறிந்தார். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தார். எவள் தயவும் வேண்டாம் என்று கௌஸ் சொன்ன கட்டிலையும் போய்ப் பார்த்தார். இரும்புக் கட்டிலின் மேல்தட்டு. "சாச்சா, ஏறிப் பாருங்க, ஜல்தி" என்றான் அறைக்காரன். முதலாளி செல்வசிங்கை ஏணியில் ஏறச் சொல்கிறான்! வந்த வேகத்தில் திரும்பினார்.

சுகிர்தராணியின் விசா கைக்கு வந்த அன்று மறுபடியும் ஆபீசுக்குப் போனார். வரிசையில் சர்ச் செயலாளர் நின்றிருந்தார். கிறிஸ்துமஸ்தோறும் அந்த வீட்டில் பிரியாணி தின்றவர். போய்விட்டு நாளைக்கு வரலாமா என்று கால் பின்வாங்கியது. லிஜோ அதற்குள் பார்த்துவிட்டான்.

"வாங்க அங்கிள்! ஆன்ட்டி விசா ஆயிட்டா? உங்க பேர்ல போட்டுரட்டா?"

"அவ பேர்ல போடு."

"ஸ்பான்ஸர் நீங்கதான? அப்ப வீடும் உங்க பேர்ல..."

"அவ எடுத்த வீடுலே அது!" கண்ணாடிக் கதவு அதிரக் கத்தினார். "அன்னைக்கும் அவதான் எடுத்தா, இன்னைக்கும் அவதான் எடுக்கா! காது கேக்கலியா? எழுது, யல்லா!" செயலாளர் பக்கம் திரும்பினார். "நீரு என்னத்தவே பாக்கீரு?"

வெளியே வந்து, வெயிலிலேயே நின்று ஊருக்குப் போன் போட்டார்.

"சொல்லியாச்சு."

"ஆளு உண்டா?"

"உண்டு."

"நம்ம சர்ச் ஆளா?"

பல்லைக் கடித்தார். "செயலாளரே உண்டு, போதுமா?"

"சரி, டிக்கெட் போடுங்க" என்றாள் சுகிர்தராணி.