மீராசாஹிபு விற்ற ஸ்பிரிட்

புனலைப் போத்தலின் வாயில் செருகிவிட்டு மீராசாஹிபு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். மரத்துக்கு அடிக்கும் பொலிஷ் ஸ்பிரிட்டின் நெடி அவருக்கு ஆகாது. கல்முனைச் சந்தையில் ஹாட்வெயார் கடை வைத்துக்கொண்டு அதை விற்காமல் இருக்க முடியுமா? மூச்சை அடக்கி ஊற்றுவார், மூடியை இறுக்குவார், சாரத்தில் கையைத் துடைப்பார், அதற்குப் பிறகுதான் கதைப்பார். கதைக்கத் தொடங்கினால் வாங்க வந்தவருக்கு அன்றைய வேலை கெட்டது.

ஆணி வாங்க வருகிறவனிடமும் எந்தச் சுவருக்கு என்று விசாரிக்காமல் விடமாட்டார். வீட்டைத் திருத்துகிற மனிதர்களைக் கண்டால் அவருக்கு அப்படியொரு சந்தோசம். சாராயம் என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பார். ஆனாலும் சந்தியில் இருந்த சாராயத் தவறணையை மூடச் சொல்லிப் பெண்கள் வீதியில் இறங்கியபோது, கடையைப் பூட்டிவிட்டுப் போய், மூட்டை தூக்கும் பாக்கியராசாவின் மனைவி கேதீஸ்வரிக்குப் பக்கத்தில் நின்று பதாகை பிடித்தார்.

தவறணைக்குப் பூட்டு விழுந்தது. இவர் கடையில் ஸ்பிரிட் விற்பனை ஏறியது. காரணத்தை மீராசாஹிபு உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“அல்லாஹ்ட பறக்கத்தப் பாத்தீங்களா? குடிச்சி அழிச்சவனெல்லாம் இப்ப ஊட்டுக் கதவுக்குப் பொலிஷ் அடிக்கிறானுகள்!”

பாக்கியராசாவும் அடிக்கடி போத்தலோடு வந்தான்.

“கதவு மினுங்குதா தம்பி?”

“ஓம் காக்கா, நல்லா மினுங்குது.”

மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்லதாக ஒரு பிரஷை எடுத்து இனாமாகக் கொடுத்தார்.

சென்ற வாரம் கடை திறந்த கையோடு கேதீஸ்வரி வந்தாள். உறை பிரிக்காத அந்தப் பிரஷை மேசையில் வைத்தாள்.

“காக்கா, இவருக்கு என்னத்தக் குடுத்தீங்க?”

“பொலிஷ் ஸ்பிரிட் தங்கச்சி. கதவுக்கு.”

“எங்கட ஊட்டுல கதவு எங்க காக்கா? சீலதான் தொங்குது. தவறணை பூட்டினதிலருந்து இதத்தான் குடிச்சிருக்கார். இண்டைக்கி விடியக்குள்ள எழும்பி, லைட்டப் போடு எண்டு கத்துறார். மூஞ்சில வெயில் அடிக்குது. கண் ரெண்டும் போயிட்டு.”

மீராசாஹிபு ஸ்பிரிட் கேனைத் திரும்பிப் பார்த்தார்.

“இதயா? இத மனிசன் குடிப்பானா?”

மூச்சை அடக்கி ஊற்றுகிற ஒன்றை ஒருவன் வாயில் வைப்பான் என்பது அவருடைய புத்தியில் ஏறவே இல்லை.

“யா அல்லாஹ்! என்ட கையாலதானே ஊத்தினேன்.”

“பூட்டச் சொல்லிக் கத்தினது நான்தானே காக்கா,” என்றாள் கேதீஸ்வரி. அழக்கூட நேரமில்லாமல் ஆசுபத்திரிக்கு ஓடினாள்.

அவள் போன சற்று நேரத்தில் தச்சுவேலை செய்யும் றம்ஸீன் வந்து வெறும் போத்தலை நீட்டினான்.

“ஸ்பிரிட் ஊத்துங்க காக்கா. அலுமாரி வேல ஒண்டு இரிக்கி.”

மீராசாஹிபு போத்தலைத் தொடவில்லை. மேசைக்கு மேலால் எட்டி அவனுடைய தாடையைப் பிடித்தார். வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணுக்கு நேரே இரண்டு விரலை நீட்டினார்.