பல்லுக்கு என்.ஜி. போட்ட நாள்

அக்கா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் என்னோடு இருக்கிறாள். தினமும் பல் தேய்த்துவிட்டது அக்காதான். ஒரகடத்துக் கார் பாகக் கம்பெனிக்கு ஷிப்டு ஷிப்டாக ஓடுகிற நான், பிரஷ்ஷைக் கையில் கொடுத்ததோடு சரி. இரண்டு வாரமாகப் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்றாள். வாயைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை.

என் லீவு நாளில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர்கள் வேனில் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பல் எப்படி இருக்கிறது என்று தாளில் குறிக்க ஆள் போதவில்லை. நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். கம்பெனியில் பாகங்களைச் சோதித்துக் குறிக்கிற அதே வேலைதானே! டாக்டரம்மா “நல்ல பல்” என்றால் ஓ.கே., “சொத்தை” என்றால் என்.ஜி. என்று போட்டுக்கொண்டே போனேன்.

பத்துப் பிள்ளை முடிந்ததும் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது என்.ஜி.?”

“நாட் குட் மேடம். லைன்ல அப்படித்தான் போடுவோம்.”

அவர் சிரித்த சிரிப்பில் மாஸ்க் நழுவியது. அந்த வார்த்தையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

“டேய், எனக்கு நாலு என்.ஜி.டா!”

“போடா, எனக்கு ஆறு கீது!”

எங்கள் பிள்ளையின் முறை வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இந்த வயதில் பின்னால் முளைப்பது விழாத பல், அது போனால் வேறு முளைக்காது, பார்த்தே ஆகவேண்டும் என்றார் டாக்டரம்மா. கெஞ்சினோம், மிரட்டினோம். கடைசியில் என் காதில் சொன்னாள்.

“சித்தி, என்.ஜி. ஆனா செவப்பு டப்பால தூக்கிப் போட்டுடுவோம்னு நீதான சொன்ன? எங்கம்மா தேய்ச்ச பல்லு சித்தி.”

வீட்டில் கம்பெனிக் கதை அளந்தவள் நான்தான்.

“எல்லாத்தையும் போட மாட்டோம்டி. சரி பண்ண முடிஞ்சா ரீவொர்க் பண்ணி, மறுபடி லைன்லயே வுட்டுடுவோம்.”

“நெசமா?”

“டாக்டர கேளு.”

டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. “ஓட்டைய மட்டும் அடைப்பேன். பல்லு உன்கிட்டயேதான் இருக்கும்.”

வாய் திறந்தது. சின்ன ஓட்டைதான். வேனிலேயே அடைத்தார்கள். என் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு படுத்திருந்தவள், இறங்கியதும் வரிசையில் நின்ற பையன்களிடம் ஓடிப்போய் வாயைப் பிளந்து காட்டினாள்.

நான் வேனுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, மீதித் தாள்களை எழுத வந்து உட்கார்ந்தேன்.